காவலும் ஆள்வோர் கடனும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசு செலவினைச் சுருக்கியமையால், 2010 முதல் 2018 வரை பொலிசாரின் தொகை ஏறத்தாழ 20,000 குறைந்தது. 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டிற் கத்தியால் மாண்டோர் 285 பேர்; 1946இற் கணக்கெடுப்புத் தொடங்கியபின் அதுவே மிக உயர்ந்த தொகையாயிருந்தது. இளைஞர் குழுப்பகைக்குப் பலியானோரும் இவருள் அடங்குவர்.

2019 மார்ச்சிற் பிரதமர் தெரேசா மே, சில குற்றங்களுக்கும் பொலிசார் தொகைக்கும் நேர்த்தொடர்பில்லை என்றார். 2010 முதல் 2016 வரை அத்துறைக்குப் பொறுப்பான அமைச்சரும் அவரே. இலண்டன் பொலிஸ் ஆணையாளர் கிறெசிடா டிக், ஓரளவு தொடர்பு உண்டென்றார்.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பொலிசார் 2005இலேயே வன்முறை தணிப்பதற்கெனத் தனிப்பிரிவொன்று நிறுவினர். வன்முறையை நோயெனக் கருதி அதன் மூலத்தை நாடினர், மருத்துவரையும் ஆசிரியரையும் துணைக்கொண்டனர், கைதுசெய்தலையும் கைவிட்டிலர். அடுத்த பத்தாண்டில் ஸ்கொத்லாந்தின் கொலைத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று.

ஆகவே, பொலிசார் குறைவு ஒன்றே காரணமன்று என்பது மெய்யே. ஆயின், அவ்வுண்மை ஆள்வோரின் பொறுப்பைக் குறைப்பதன்று, கூட்டுவதாம். இங்கிலாந்தில் இளைஞர் நிலையங்களுக்கான செலவும் அதே காலத்திற் சுருங்கியது. வேறு காரணம் காட்டுவோர், அக்காரணத்திற்கும் விடைகூறக் கடமைப்பட்டோராவர்.