முதல் மூன்று நிமிடங்கள்

"நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்!" என்று துக்க வீடுகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். திடீர் மரணங்களை எல்லாம் "மாரடைப்பு" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது நம் வழக்கம். மருத்துவமோ இரண்டு நிலைகளைப் பிரித்துக் காண்கிறது. இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். தம் வலியை எடுத்துச் சொல்வார். இதயம் தன் இயக்கத்தையே திடீரென இழப்பது வேறொன்று. அந்நிலையில் மனிதர் சில நொடிகளில் நினைவிழந்து சாய்ந்துவிடுவார். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

இவ்வாறு செயலிழக்கும் இதயங்களுள் பல உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அவற்றின் மின் ஒழுங்கு குலைந்து, கீழறைகள் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நடுங்கும் இதயம் இரத்தத்தைச் செலுத்தாது. அந்நடுக்கத்தை நிறுத்தித் துடிப்பை மீட்க மின்னதிர்வு தேவை. மார்பை அழுத்தும் முதலுதவியும் கிடைக்காவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது.

1965ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் பிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர், வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க மின்னதிர்வுக் கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. இன்று பொது இடங்களில் சுவர்ப் பெட்டிகளில் காணப்படும் ஏ.இ.டி. கருவியை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

மருத்துவரல்லாதார் இதனைப் பயன்படுத்த முடியுமா? அமெரிக்காவின் சூதாட்டக் கூடங்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. சூதாட்டத்தை நாம் போற்றுவதில்லை. எனினும் அங்குக் கிடைத்த பாடம் அரியது. கூடங்களின் காவலர்களுக்கு இக்கருவியில் பயிற்சி அளிக்கப்பட்டது. மூலைமுடுக்கெல்லாம் கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தமையால், ஒருவர் விழுந்த நேரத்தையும் துல்லியமாக அறிய முடிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, இதய நடுக்கத்தால் வீழ்ந்த 105 பேரில் 56 பேர் பிழைத்து வீடு திரும்பினர். பிறர் கண்ணெதிரே விழுந்தவர்களுள், மூன்று நிமிடத்திற்குள் மின்னதிர்வு பெற்றோரில் 74 விழுக்காட்டினர் உயிர் பிழைத்தனர். அதற்குப் பின் பெற்றோரில் பிழைத்தவர்கள் 49 விழுக்காட்டினரே. மருத்துவ உதவிக் குழுவினர் வந்துசேரச் சராசரியாக ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆயின. நகரின் நடுவிலேயே இவ்வளவு நேரம் என்றால், மருத்துவமனைக்குத் தொலைவில் வாழும் தோட்ட மக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒருவர் நம் எதிரே விழுந்தால் செய்ய வேண்டியவை இவை:

1. தோளைத் தட்டி அழைத்துப் பாருங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில் 999க்கு அழையுங்கள். குறட்டை போன்ற திணறலை மூச்சென்று கருதி ஏமாறாதீர்கள்.

2. ஒருவரைக் கருவி எடுத்துவர அனுப்பிவிட்டு, உடனே நடு மார்பை இரு கைகளாலும் அழுத்தத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம்; நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை.

3. கருவி வந்ததும் அதனை இயக்கி, அது கூறுகின்றவாறு செய்யுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, படத்தில் காட்டியபடி இரு ஒட்டுகளையும் வெற்று மார்பில் ஒட்டுங்கள்.

4. கருவி ஆராயும்போதும் மின்னதிர்வு தரும்போதும் எவரும் நோயாளியைத் தொடலாகாது. அதன்பின் தாமதமின்றி மீண்டும் அழுத்துங்கள்.

"மின்சாரம் பாய்ச்சி நாமே கொன்றுவிடுவோமோ?" என்று அஞ்சுவோர் உண்டு. கருவி முதலில் இதயத்தின் நிலையை ஆராய்கிறது. மின்னதிர்வு தேவையில்லையெனில் அது தருவதில்லை. மேலும், இயங்காத இதயத்தோடு கிடப்பவருக்கு, நாம் கைகட்டி நிற்பதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை.

கருவி இருந்தும் அதன் இடம் தெரியாவிட்டால் பயனில்லை. பூட்டிய அறைக்குள் இருந்தாலும், மின்கலமும் ஒட்டுகளும் காலாவதியாகியிருந்தாலும் அதே நிலைதான். ஆகவே, உங்கள் தோட்டத்திற்கு மிக அருகில் இக்கருவி எங்குள்ளது, இரவிலும் எடுக்க முடியுமா, அதனைப் பராமரிப்பவர் யார் என்பவற்றை இன்றே கேட்டறியுங்கள். இல்லையெனில், தோட்ட நிர்வாகத்திடமும் ஆலய, பள்ளிப் பொறுப்பாளர்களிடமும் இது குறித்துப் பேசுங்கள். கருவி வரும்வரையிலும் மார்பை அழுத்தும் முறையையேனும் வீட்டுக்கு ஒருவர் கற்றுக்கொள்ளுதல் நலம்.