உஷார்! தூரிகை தொடாத ‘கையோவியம்’ விற்பனைக்கு வருகிறது

கல்கிசையில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்களே, வெள்ளவத்தை வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு ஹோலின் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களே, ஸ்காபரோவிலிருந்து “ஊர் ஞாபகமாக ஒரு பெயின்டிங் வாங்கி அனுப்பு தங்கச்சி” என்று வட்ஸ்அப் போடுகிறவர்களே, காசை அனுப்ப முன்னம் இதை வாசித்துவிடுங்கள்.

முகநூல் ஓவியக் குழுக்களில் இப்படி ஒரு பதிவு எப்படியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கல்கிசைக் கடலில் சூரியன் இறங்குகிறது, கரையில் ஒரு வள்ளம், தென்னைகளுக்குப் பின்னால் ரயில். கீழே, “கன்வஸில் எண்ணெய் வர்ணம், முழுக்கக் கையால் வரைந்தது, ஒரேயொரு பிரதிதான்.” அழகாகத்தான் இருக்கும். அழகு இல்லாவிட்டால் யார் ஏமாறப்போகிறார்கள்? அந்தப் படத்துக்கும் தூரிகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதிருக்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் நாலு சொல் தட்டினால் ஒரு நிமிடத்துக்குள் இப்படி நாலு படம் வந்து விழும். தடித்த தூரிகைத் தடங்கள், கன்வஸின் நெசவு எல்லாவற்றோடும்தான் வரும். சில படங்களின் மூலையில் ஒரு கையெழுத்துக்கூட இருக்கும், ஆனால் அதை வாசிக்க முடியாது. கருவி பயின்ற ஓவியங்களில் பலவற்றின் மூலையில் கையெழுத்து இருந்ததால், ஓவியமென்றால் அங்கே ஏதோ ஒரு கிறுக்கல் இருக்கவேண்டும் என்று அது பழகிவிட்டது. இத்தகைய கருவிகளைப் பயிற்ற 2022இல் வெளியான லயன் 5பி என்ற தொகுப்பில் மாத்திரம், இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படங்களுக்கான இணைப்புகள் விளக்க வரிகளோடு இருந்தன. வரைந்தவர்களில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இதில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வகைக்குத் தேவை உங்கள் லைக். “இது நானே வரைந்தது, யாருமே பாராட்டவில்லை” என்ற வரியோடு ஒரு பிள்ளையோ கிழவரோ ஓவியத்தின் அருகே கண்கலங்கி நிற்கும் படத்தைப் போடுவார்கள். பிள்ளையும் கிடையாது, கிழவரும் கிடையாது. பிரித்தானியாவில் மைக்கேல் ஜோன்ஸ் என்ற சிற்பி, சங்கிலி வாளால் மரத்தில் செதுக்கிய நாய்ச் சிலையோடு எடுத்த படத்தைக் கருவியில் போட்டு ஆளையும் நாயையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் வேறொருவர் செய்ததாகச் சொல்லிப் பரப்பினார்கள். 2023 டிசம்பரில் 404 மீடியா என்ற செய்தித்தளம் இதை வெளிக்கொண்டுவந்தது. அடுத்த மார்ச்சில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு மையத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தகைய படங்களை இடைவிடாமல் போடும் நூற்றுக்கு மேற்பட்ட முகநூல் பக்கங்களை ஆராய்ந்தார்கள். ஆள் சேர்ப்பதே அவற்றின் தொழில், சில பக்கங்கள் மோசடிக்கும் போயிருந்தன. நீங்கள் இரக்கப்பட்டு “வாழ்த்துகள் தம்பி” என்று எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தப் பக்கத்தை இன்னும் நூறு பேருக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறது.

மற்ற வகை நேரே உங்கள் பேர்ஸுக்கு வருகிறது. வந்த படத்தைப் பெரிய பிரிண்டரில் கன்வஸ் துணியில் அடித்து, மேலே நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் அங்குமிங்கும் இழுத்துவிடுவார்கள். தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் இருக்கும், பிரேமும் போட்டாயிற்று. அதைப் பிரிண்ட் என்று சொல்லிப் பிரிண்டின் விலைக்கு விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் அலன் என்பவர் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு பெற்றபோது பெரிய கூச்சலே எழுந்தது. ஆனால் மிட்ஜேர்னி என்ற கருவியின் பெயரை அவர் தன் பெயரோடு சேர்த்தே கொடுத்திருந்தார். நான் சொல்லும் ஆட்கள் அந்த ஒரு சொல்லைத்தான் விழுங்குகிறார்கள்.

போலி கொழும்புக்குப் புதிதல்ல. ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரில் பொய்ப் படங்கள் உலவுகின்றன என்ற பேச்சு சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக உண்டு. ஆனால் கீற்றைப் போலி செய்யவும் ஒருவனுக்குக் கோடு இழுக்கும் கை வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு ஓவியர் இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், கிராமத்துப் பெண்களைப் புகைப்படமோ என்று திகைக்கும்படி வரைந்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. இருக்கும்போதே அவருடைய படங்கள் பெயரில்லாமல் காலை வணக்கச் செய்திகளாக எங்கள் தொலைபேசிகளுக்கு வந்துகொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சம், ஈரத்தலை, பித்தளைக் குடம் என்று அவர் பாணியைக் கருவியிடம் கேட்டுச் செய்வித்த படங்களும் இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. பொதுமக்கள் கைக்கு இந்தக் கருவிகள் வந்ததே 2022இல். ஆகவே ‘இளையராஜாவின் புதிய ஓவியம்’ என்று யாராவது அனுப்பினால் திகதியைப் பார்த்தே பொய் என்று சொல்லிவிடலாம். உயிரோடு இருக்கும் ஓவியருக்கு அந்த வசதியும் இல்லை.

“ஆறு விரல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. புதிய கருவிகள் விரலை ஒழுங்காகவே வரைகின்றன. “வரையும்போது எடுத்த வீடியோவைக் கேளுங்கள்” என்பதும் முன்புபோல உறுதியான யோசனை இல்லை. முடிந்த படம் ஒன்றைக் கொடுத்தால், வெறும் கோட்டிலிருந்து அது வளர்ந்து வந்ததுபோலப் பொய்யாக ஒரு வீடியோ செய்து தரும் பெயின்ட்ஸ் அன்டூ என்ற நிரல் 2024 ஜூலையிலேயே இலவசமாக வெளிவந்துவிட்டது. படத்தைக் கொடுத்தால் செயற்கையா இல்லையா என்று சொல்கிறோம் என்னும் தளங்களையும் நம்பிக் காசு கட்டாதீர்கள். ஒரே படத்துக்கு ஒன்று ஆம் என்னும், மற்றது இல்லை என்னும்.

ஆகவே திரையில் தெரியும் படத்தை வைத்து முடிவெடுப்பதை விட்டுவிடுங்கள். பொருளைப் பாருங்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது வாங்குகிறோமா? ஓவியத்துக்குச் செவுள் அதன் முதுகும் ஓரமும். கன்வஸைத் திருப்பிப் பாருங்கள். கையால் வரைந்ததென்றால் மடித்து அடித்த ஓரங்களில் வர்ணம் வழிந்திருக்கலாம், விரல் அடையாளம் கிடக்கலாம், பின்பக்கம் கறை ஊறியிருக்கலாம். பிரிண்ட் என்றால் ஓரம் பெரும்பாலும் அப்பழுக்கற்ற வெள்ளை, அல்லது படம் அப்படியே மடங்கிப் போயிருக்கும். தொலைபேசி டோர்ச்சைப் பக்கவாட்டில், படத்தோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். நிஜ வர்ணத்தில் மேடு எங்கே முடிகிறதோ அங்கே நிறமும் மாறும். ஜெல் பூசியதில் மேடு ஒரு பக்கம் ஓடும், கீழே நிறம் வேறு பக்கம் போகும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது, பிரிண்டின் பொடிப் புள்ளிகள் தெரிந்துவிடும். எண்ணெய் வர்ணமோ ஆறுதலாகக் காயும் பண்டம். தடிப்பாகப் பூசியதற்கு மாதங்கள்கூடப் பிடிக்கும். விற்பவர் சொல்லும் ‘போன கிழமை முடித்த எண்ணெய் ஓவியம்’ வாசனையே இல்லாமல் எலும்புபோலக் காய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நம்பிக்கையானது ஒரு கேள்விதான். “எங்கே நின்று வரைந்தீர்கள்?” கல்கிசைக் கரையில் நின்ற ஓவியர், எத்தனை மணி வெளிச்சம், ஹோட்டல் எந்தப் பக்கம் வந்தது, எதை வேண்டுமென்று விட்டுவிட்டார், எந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினார் என்று நிறுத்தாமல் பேசுவார். ஓவியர்களுக்கு வேலையைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள்தான் வாயை மூடச் சொல்லவேண்டும்! விற்பனைக்காரன் விலையைப் பற்றியே பேசுவான். முடிந்தால் ஒன்லைனில் வாங்காமல் ஆளைத் தேடிப் போங்கள். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் தெருவோரத்திலேயே படங்களை வைத்து விற்கிறார்கள். 1993 முதல் நடக்கும் கலா பொல சந்தையும் அதே வீதியில்தான், நூற்றுக்கணக்கான ஓவியர்கள் தாமே நின்று விற்பார்கள்.

இன்னொன்று, இதையும் அதே அவசரத்தோடு சொல்கிறேன். சந்தேகம் வந்ததும் குழுவில் “இது ஏஐ” என்று கூவிவிடாதீர்கள். 2022 டிசம்பர் கடைசியில், இரண்டு கோடிக்கு மேல் உறுப்பினர்கள் கொண்ட ரெடிட் ஓவியக் குழுவொன்றிலிருந்து பென் மோரன் என்ற பெயரில் வரையும் வியட்நாம் ஓவியரைத் தூக்கி எறிந்தார்கள். டிஜிட்டலில் என்றாலும் அவர் தன் கையால் வரைந்த படம் அது. வரைந்த கோப்பைக் காட்டுகிறேன் என்றார். நீயே வரைந்திருந்தாலும் பார்க்கச் செயற்கையாக இருக்கிறது, பாணியை மாற்று என்ற பொருளில் பதில் வந்தது. எங்கள் பிள்ளைகளில் நன்றாக வரைகிற ஒன்றிடம் யாராவது இப்படிச் சொன்னால் அது மறுபடி பென்சிலைத் தொடுமா? சந்தேகமா, தனிச் செய்தியில் மரியாதையாகக் கேளுங்கள்.

வாங்குவதென்று முடிவானால் பில்லில் “கையால் வரைந்த எண்ணெய் ஓவியம், பிரிண்ட் அல்ல” என்று எழுதி, வரைந்தவரின் பெயரோடு ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. முறைப்பாட்டுக்கு 1977ஐ அழைக்கலாம். ஆனால் கையில் எழுத்து இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும். பதிவின் ஸ்கிரீன் ஷொட்டை அன்றைக்கே எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம். பில்லில் “வோல் ஆர்ட்” என்று மட்டும் எழுதித் தருவேன், வேறொன்றும் எழுதமாட்டேன் என்கிறாரா? அப்போ பிரிண்டின் விலையைச் சொல்லி அதற்குமேல் ஒரு சதமும் கொடாதீர்கள்.