கோழிப் பண்ணையில் எலியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

கோழி வளர்ப்போர் எலியைத் தீன் தின்னும் கள்வனாக மாத்திரமே கருதுவது வழக்கம். சாக்கைக் கடித்துத் துளையிடுவதும், தட்டில் இட்ட தீனைக் கவர்வதும், சிற்சில வேளைகளிற் குஞ்சுகளைக் கொல்வதும் யாவரும் கண்டறிந்த நட்டங்கள். கண்ணுக்குத் தெரியாத நட்டம் வேறொன்றுண்டு. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களைக் குடலிற் சுமந்து, விற்றுப்போன கோழிகளிடமிருந்து புதிதாக வந்த குஞ்சுகளுக்கும், கொட்டகையிலிருந்து அடுக்களைக்கும் கொண்டுசெல்ல வல்லதும் இந்த எலியே.

நுண்ணுயிர்கொல்லி மருந்தொன்றைக் கொடுக்குங்கால் பெரும்பாலான பற்றீரியாக்கள் மடிகின்றன. அம்மருந்தைத் தாங்கும் இயல்புடைய சில எஞ்சிப் பெருகுகின்றன. அவ்வியல்பைத் தரும் பரம்பரையலகுகள் பல, பிளாசுமிட்டு எனப்படும் சிறு வளையங்களில் அமைந்திருப்பதால், ஓரினப் பற்றீரியாவிலிருந்து வேறோரினத்துக்கும் செல்லவல்லன. வயிற்றளைச்சற் கிருமிக்கும் சாதாரண குடற்கிருமிக்கும் இடையே இது நிகழ்வதை யப்பானிய ஆராய்ச்சியாளர் 1959 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ஆகவே, தீங்கற்ற கிருமிதானே என்று எதனையும் புறக்கணித்தல் தகாது.

இவ்வியல்பு எத்துணை விரைவிற் பரவும் என்பதை, அமெரிக்காவின் மாசச்சூசெற்சு மாநிலத்துப் பண்ணையொன்றில் ஸ்ருவாட் லீவி என்னும் வைத்தியரும் உடனுழைத்தோரும் ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டனர். கோழிகளுக்குத் தெத்திராசைக்கிளின் கலந்த தீன் கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்தினுள் அவற்றின் குடற்கிருமிகள் ஏறக்குறைய யாவும் அம்மருந்தைத் தாங்குவனவாயின. சில மாதங்களில், கொடுக்கப்படாத பிற மருந்துகளையும் தாங்கும் கிருமிகள் தோன்றின. ஆறு மாதத்துக்குள், அம்மருந்தை உட்கொள்ளாத பண்ணை வீட்டாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் மிகுந்தன. அயல்வீட்டாரிடம் அவ்வாறு மிகவில்லை.

எலிக்கு எவரும் மருந்து கொடுப்பதில்லை. எனினும், பல நாடுகளில் கோழிப் பண்ணைகளிற் பிடிக்கப்பட்ட எலிகளின் குடலில் பல மருந்துகளைத் தாங்கும் எசரிக்கியா கோலி கண்டறியப்பட்டுள்ளது. கோழி எச்சம் தோய்ந்த கூளத்தில் உலாவுவதும், மருந்து கலந்த தீனைத் தின்பதுமே இதற்குப் போதுமானவை. அமெரிக்க முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பற்றி 1992 இல் வெளிவந்த ஆய்வொன்றில், சுண்டெலியின் ஒரேயொரு புழுக்கையில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சல்மனெல்லாக் கிருமிகள் எண்ணப்பட்டன. ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு 50 புழுக்கைகளுக்கு மேல் இடும். அக்கிருமி மருந்துக்கு அடங்காத வகையாயின், தீன் தட்டில் விழும் சில புழுக்கைகளே ஒரு கொட்டகைக் குஞ்சுகளைக் கெடுக்கப் போதும். அத்தகைய கிருமி வீட்டுக் குழந்தையின் குருதியிற் புகுமாயின், வைத்தியர் வழமையாகக் கொடுக்கும் மருந்து பயன் தராது போகலாம். தக்க மருந்தைத் தேடுவதற்குள் நோய் முற்றிவிடும்.

எலியை ஒழிக்கும் முயற்சியிற் பலரும் தவறுவது காலத்தைத் தேர்வதிலாகும். கோழிகளை விற்றதும் கூளத்தை அகற்றிச் சுண்ணாம்பு பூசி, அதன்பின்னரே எலியைப் பற்றி நினைக்கின்றனர். தீனும் மறைவிடமும் இல்லாதொழிந்தவுடன் எலிகள் அயலிலுள்ள வேலிக்கும் விறகுக் குவியலுக்கும் சென்று தங்கிவிடும். குஞ்சுகளும் புதுத்தீனும் வந்த சில நாட்களில் திரும்பும். துப்புரவாக்கிய கொட்டகையில் பழைய கிருமி மீண்டும் தோன்றுவதன் காரணங்களில் இதுவுமொன்று. ஆதலால், கோழிகள் அகன்ற அன்றே, சிந்திய தீனைக் கூட்டியெடுத்து, கூளம் கிடக்கும்போதே பொறியும் நச்சிரையும் வைத்தல் வேண்டும். நச்சிரையைப் பிள்ளைகளும் நாய்களும் எட்டாத மூடிய பெட்டியினுள் வைத்தல் அவசியம்.

சுண்டெலி 6 மில்லிமீற்றர் இடுக்கிலும் நுழையும். சாதாரண கோழிக்கம்பி வலையை அது பொருட்படுத்தாது. கண் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத உறுதியான கம்பி வலையே தேவை. கதவின் அடிப்பாகத்தில் தகரம் அறைதல் நன்று. தீனை மூடியுள்ள தகரப் பீப்பாவில் வைக்க வேண்டும். பூனை வளர்த்தாற் போதுமென்பார் சிலர். கொட்டகைக்கும் அடுக்களைக்கும் சென்றுவரும் பூனையும் கிருமியைச் சுமக்குமாதலால் அது தக்க வழியன்று.

எலி ஒழிந்தாலும் மருந்தைக் கண்டபடி கையாண்டால் கிருமி புதிதாகத் தோன்றிக்கொண்டேயிருக்கும். வளர்ச்சிக்காகத் தீனில் நுண்ணுயிர்கொல்லி கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் முற்றாகத் தடுத்துள்ளது. அயற்பண்ணையில் எஞ்சிய மருந்தை வாங்கிக் கொடுத்தலாகாது. மிருக வைத்தியர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த நாள்வரை கொடுத்தல் வேண்டும்.

உலர்ந்த புழுக்கையைத் தும்புத்தடியாற் பெருக்கினால் தூசி மூக்கினுட் செல்லும். முதலில் வெளிற்றும் தூள் கரைத்த நீரைத் தெளித்து நனைத்து, சிறிது நேரம் விட்டபின் அகற்றுக. செத்த எலியை வெறுங்கையால் தொடாது, ஆழக் குழிதோண்டிப் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே தீன் தட்டைத் தொடுதல் வேண்டும்.