படத்தைத் திறக்காமலே அளவு

நவி மும்பையின் சான்பாடாவிலிருந்து வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு முதல் பரீட்சை கணக்கு அல்ல, போட்டோ. தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ். மும்பையின் காந்திவலியில்தான் இருக்கிறது. ஆனால் படம் போக வேண்டியது இணையம் வழியே. அது விரும்பும் அளவு: போட்டோ 200க்கு 230 பிக்ஸல், கையெழுத்து 140க்கு 60.

இந்த அளவைக் கண்டறிய நிரல் படத்தை விரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கோப்பின் முகப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. பி.என்.ஜி. என்றால் முதல் 24 பைட் போதும்: 17 முதல் 20 வரை அகலம், அடுத்த நான்கு உயரம்.

வில்லங்கம் ஜேபெக் படங்களில்தான். அங்கே அளவு இருக்கும் இடம் படத்துக்குப் படம் மாறும். நிரல் பகுதி பகுதியாகத் தாண்டிப் போய்த் தேட வேண்டும். கிடைத்தாலும் உயரம் முதலில், அகலம் பிறகு.

செல்போனின் தந்திரம் இதைவிடப் பெரிது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தையும் பல போன்கள் படுக்கைவாட்டில் சேமித்துவிட்டு, 'திருப்பிக் காட்டு' என்பதற்கு அடையாளமாக எக்ஸிஃப் குறிப்பில் 6 என்ற எண்ணை மட்டும் எழுதிவைக்கும். லட்சக்கணக்கான புள்ளிகளை மாற்றி அடுக்குவதைவிட இது சுலபமாயிற்றே! திரையில் முகம் நிமிர்ந்தே தெரியும். நிரலோ அகலம் 4000, உயரம் 3000 என்கிறது. அதை நம்பி 200க்கு 230 ஆகச் சுருக்கினால் முகம் சாய்ந்து, நசுங்கியும் போகும்.

பைத்தான் மொழியின் பில்லோ நூலகத்தில் இதற்கென்றே 'எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்' என்ற கட்டளை உண்டு. முதலில் அதை ஓட்டிவிட்டு அளந்தால் அகலம் 3000, உயரம் 4000.