ஊருக்கொரு ஓடுபாதை – 7: டக்ளஸ் போன பிறகு

சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி 2003 மார்ச் கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர்களை அனுப்பி, மெய்க்ஸ் ஃபீல்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையைத் தோண்டிப் போட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதேபோல் தன் விமான நிலையத்தை மூடுவதற்காகப் பல பத்தாண்டுகள் கோர்ட் படியேறிய ஊர் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா.

அக்கம்பக்கத்தார் புகார் சொன்னால், விமான நிலையம் முதலில் வந்தது, வீடு கட்டியவர்கள் தெரிந்துதானே வந்தார்கள் என்று விமானிகள் தரப்பில் கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வீடுகள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும்.

1920களில் நகராட்சி விமான நிலையம் இருக்கும் நிலத்தை வாங்கியது. டொனால்ட் டக்ளஸின் விமானத் தொழிற்சாலை அதன் ஓரத்திலேயே வளர்ந்தது. 1935 டிசம்பர் 17 அன்று இங்கிருந்துதான் டிசி-3 முதன்முதலாகப் பறந்தது. நமக்கு அது ‘டகோட்டா’. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் இந்தியப் படையினரை இறக்கியதும் டகோட்டாதான். இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஆலையில் பல்லாயிரம் பேர் ஷிஃப்ட் ஷிஃப்டாக உழைத்தார்கள். எதிரி விமானங்களின் கண்ணில் படாமலிருக்க, ஆலையின் மேல் வலை விரித்து, பொய் வீடுகளும் பொய்த் தெருக்களும் அமைத்தார்கள். அதில் ஹாலிவுட் செட் கலைஞர்களின் கைவண்ணமும் இருந்தது. அதே காலத்தில் நிஜ வீடுகளும் எழுந்தன. வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் ‘சன்செட் பார்க்’ பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. ஓடுபாதையை ஒட்டி வீடுகள் நெருங்கியதற்குக் காரணம் அந்த ஆலைதான்.

பிறகு ஜெட் யுகம் வந்தது. டிசி-8 விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டியிருந்தது. நீட்டினால் வீடுகள் போகும். நகராட்சி மறுத்தது; டக்ளஸ் லாங் பீச்சில் அந்த வேலையைத் தொடங்கியது. 1970களில் சாண்டா மோனிகா ஆலையே மூடப்பட்டது. சோறு போட்ட தொழில் போய்விட்டது. மிஞ்சியவை பயிற்சி விமானங்களும் செல்வந்தர்களின் தனி ஜெட்டுகளும்.

இவற்றின் சத்தத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது ஈயம். சிறு பிஸ்டன் விமானங்களுக்கு ஊற்றும் ‘100எல்எல்’ பெட்ரோலில் லிட்டருக்கு ஏறக்குறைய அரை கிராம் ஈயம் இருக்கிறது. இன்ஜினில் எரிபொருள் தானாகவே வெடித்து எரியும் ‘நாக்கிங்’ வராமலிருக்கத்தான் அதைக் கலக்கிறார்கள். சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலை அமெரிக்கா 1996இல் தடை செய்துவிட்டது. விமானத்துக்கு விலக்கு. பயிற்சி விமானம் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றி, இறங்கி, மறுபடி ஏறும். புகை விழுவதும் திரும்பத் திரும்ப அதே கூரைகளின் மேல்தான். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே இல்லை. இந்தப் புகை மக்கள் நலத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முறைப்படி அறிவித்ததோ 2023 அக்டோபரில்தான்.

நகராட்சி நினைத்தவுடன் மூடிவிடவும் முடியவில்லை. போர்க்காலத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தை மத்திய அரசு 1948இல் நிபந்தனைகளோடுதான் திருப்பிக் கொடுத்தது. அந்த நிபந்தனைகளைக் காட்டி மத்திய அரசு நீண்டகாலம் வழக்காடியது. 2017இல் சமரசம் பிறந்தது: 4,973 அடி ஓடுபாதை 3,500 அடியாகக் குறைந்தது, 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நகராட்சி விரும்பினால் மூடிக்கொள்ளலாம். மூடினால் அங்கே பூங்காவும் விளையாட்டிடமும்தான் வரலாம், வேறெதற்கும் வாக்காளர் சம்மதம் வேண்டும் என்று 2014 வாக்கெடுப்பிலேயே மக்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. அலாஸ்காவில் சாலையே போகாத ஊர்களுக்கு ஓடுபாதைதான் ஆஸ்பத்திரிக்கு வழி. அங்கே மூடச் சொல்வது பாவம். ஆனால் சாண்டா மோனிகாவிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய விமான நிலையமே இருக்கிறது. இந்த ஊர் கேட்பது நியாயம் என்பதே என் முடிவு.

நம் நாட்டிலும் விமானப் பயிற்சிப் பள்ளிகள் பெருகி வருகின்றன. இந்தியன் ஆயில் 2022இல் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியதும் இதே 100எல்எல்தான். ஈயம் கலக்காத ஜெட் எரிபொருளில் ஓடும் பயிற்சி விமானங்களும் உண்டு. உங்கள் வீடு பயிற்சித் தளத்தின் அருகில் இருந்தால், மேலே சுற்றும் விமானத்துக்கு எதை ஊற்றுகிறார்கள் என்று இப்போதே கேளுங்கள்.

(தொடரும்)