44, 40, 8: ஆர்பாநெட்டை முடக்கிய மூன்று எண்கள்

1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட் பல மணி நேரம் முடங்கிக் கிடந்தது. கேபிள் எதுவும் அறுந்துவிடவில்லை. யாரும் உள்ளே புகுந்து கெடுக்கவும் இல்லை.

கம்பி அறுந்தால் அந்த நெட்வொர்க் சமாளித்துக்கொள்ளும். செய்தியைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டி அனுப்பலாம், ஒரு பாதை போனால் வேறு பாதையில் திருப்பிவிடலாம் என்று அமெரிக்காவின் பால் பாரனும் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸும் 1960களிலேயே தனித்தனியாகச் சிந்தித்திருந்தார்கள். சிக்கல் பாதையில் அல்ல. பாதை சொல்லும் கருவியில் இருந்தது.

ஆர்பாநெட்டில் அந்தக் கருவிக்கு ஐஎம்பி என்று பெயர். இன்றைய ரவுட்டரின் மூதாதை. ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு ஐஎம்பியும் தன் அண்டை ஐஎம்பி சொன்ன தூரக் கணக்கை அப்படியே நம்பியது. ஒருமுறை ஹார்வர்டு ஐஎம்பியின் நினைவகம் பழுதாகி, எல்லா இடத்துக்கும் தன்னிடமிருந்து தூரம் பூஜ்யம் என்று அறிவித்துவிட்டது. பாக்கெட்டுகளெல்லாம் அங்கே போய்க் குவிந்தன.

1979 வாக்கில் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு ஐஎம்பியும் தன் சொந்த இணைப்புகளின் நிலவரத்தை மட்டும் அளந்து ஊருக்கெல்லாம் அறிவிக்கும். எல்லா அறிவிப்புகளையும் சேர்த்து, முழு வரைபடத்தைத் தானே போட்டுக்கொள்ளும். புதிய அறிவிப்பு வந்தால் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வந்ததை அண்டை ஐஎம்பிகள் அனைத்துக்கும் தள்ளிவிடும். எது புதியது என்பதை வரிசை எண் சொல்லும்.

அந்த எண்ணுக்கு ஒதுக்கியது 6 பிட். கடிகாரத்தில் 12க்குப் பிறகு 1 வருவதுபோல, 63க்குப் பிறகு மறுபடி 0. இரண்டு எண்களில் எது பாதிச் சுற்றுக்குள் முன்னால் இருக்கிறதோ அதுவே புதியது என்பது விதி.

அன்று ஒரு ஐஎம்பியின் நினைவகத்தில் பிட்டுகள் உதிர்ந்தன. 101100, அதாவது 44, என்ற எண்ணில் ஒரு 1 விழுந்து 101000 ஆயிற்று: 40. இன்னொரு 1 விழுந்து 001000 ஆயிற்று: 8. இப்போது விதியைப் போட்டுப் பாருங்கள். 40ஐவிட 44 புதியது. 8ஐவிட 40 புதியது. 44ஐவிட 8 புதியது! ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு மூன்றும் ஓயாமல் சுற்றி, ஐஎம்பிகளை வேறு வேலை பார்க்கவிடாமல் முடக்கின. பாக்கெட் கம்பியில் போகும்போது பிழை சோதனை உண்டு. நினைவகத்தில் கிடக்கும்போது கிடையாது. அறிவிப்புகளுக்குக் காலாவதியும் இருந்தது. ஆனால் ஐஎம்பியில் சில விநாடி தங்கினால்தான் வயது ஏறும்; இவை தங்கவே இல்லை.

ஒரு ஐஎம்பியை மட்டும் அணைத்துப் போட்டுப் பயனில்லை, அண்டையிலிருந்து அதே அறிவிப்புகள் திரும்ப வந்துவிடும். அந்த மூன்று அறிவிப்புகளும் எந்த ஐஎம்பியின் பெயரில் சுற்றினவோ, அதன் பெயரில் வரும் அறிவிப்புகளைப் புறக்கணிக்கும்படி மற்ற ஐஎம்பிகளின் மென்பொருளைத் திருத்திய பிறகே நெட்வொர்க் மீண்டது.

இதற்கு முறையான மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் ராடியா பெர்ல்மன். ஈதர்நெட்டுக்கு ஸ்பானிங் ட்ரீ தந்தவர் என்றே பலருக்கும் இவரைத் தெரியும். அதற்குச் சற்றும் குறையாத வேலை இது என்பேன். அவர் 1983இல் வெளியிட்ட கட்டுரையின் நோக்கம், எத்தனை கெட்ட அறிவிப்பு நுழைந்தாலும், பழுதான கருவியை அகற்றியதும் நெட்வொர்க் தானே தேறிவிட வேண்டும் என்பது. இன்று நிறுவன நெட்வொர்க்குகளில் ஓடும் ஓஎஸ்பிஎஃப் முறையில் அதன் சாயலைக் காணலாம். வரிசை எண் 32 பிட், சுற்றி வராது. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் வயது ஏறும். ஒரு மணி நேரத்தில் காலாவதி. அறிவிப்பை உருவாக்கிய ரவுட்டர் போட்ட செக்சம் என்ற பிழை சோதனை எண் கடைசிவரை கூடவே வருவதால் நினைவகப் பிழையும் மாட்டிக்கொள்ளும்.

ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் இது போதும். நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்லும் பிஜிபி இன்னும் பெருமளவு நம்பிக்கையில்தான் ஓடுகிறது. 2008 பிப்ரவரி 24 அன்று, உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட வழித்தட அறிவிப்பு வெளியே கசிந்து, சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூபைக் காணாமல் செய்தது. இன்று ஆர்பிகேஐ என்ற டிஜிட்டல் சான்று பரவலாகி வருகிறது. முகவரியை அறிவிப்பவருக்கு அதற்கான உரிமை உண்டா என்று அது பார்க்கும். நடுவில் அவர் சொல்லும் பாதை உண்மையா என்று பார்க்காது.