காலிப் பெயர் செய்த நாசம்!

2015-ம் ஆண்டு ஜனவரி மாதம். லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவர், விளையாட்டுகள் விற்கும் "ஸ்டீம்" என்ற புரோகிராமைத் திறந்தார். சிறிது நேரத்தில் அவருடைய கோப்புகள் எல்லாம் மாயமாகிவிட்டன! பத்திரமாக இருக்கட்டும் என்று தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருந்தவையும் போயின. அந்த டிஸ்க் அப்போது கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது.

திருடன் வரவில்லை. வைரசும் இல்லை. காலியாகக் கிடந்த ஒரு பெயர்தான் இத்தனையும் செய்தது!

சத்தம் போடாத சமையல்காரன்

கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பதற்கு "ஸ்கிரிப்ட்" என்று பெயர். லினக்சில் அதைப் படித்து நிறைவேற்றுவது பெரும்பாலும் "பாஷ்". பிரையன் பாக்ஸ் என்பவர் எழுதி, 1989-ல் வெளிவந்தது.

ஸ்கிரிப்டில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு டப்பா மாதிரி. சமையல்கட்டில் "துவரம் பருப்பு" என்று சீட்டு ஒட்டிய டப்பாவைத் திறக்கிறீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை. "பருப்பு தீர்ந்துவிட்டது" என்று குரல் கொடுப்பீர்கள் அல்லவா? பாஷ் குரல் கொடுக்காது. பருப்பு இல்லாமலே குழம்பை இறக்கி வைத்துவிடும்! டப்பாவே இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

நடந்தது என்ன?

ஸ்டீமின் ஸ்கிரிப்டில் ஒரு பெயர். ஸ்டீம் குடியிருக்கும் இடத்தின் விலாசம் அதில் இருக்க வேண்டும். "அந்த இடத்துக்குப் போ, போய்ச் சேர்ந்தால் விலாசத்தைச் சொல்" என்பது கட்டளை. போக முடியாவிட்டால்? விலாசம் வராது. டப்பா காலி!

பின்னால் இன்னொரு கட்டளை இருந்தது. "அந்த விலாசத்தை எழுது. அடுத்து ஒரு சாய்கோடு போடு. அதற்குக் கீழே உள்ள அனைத்தையும் அழி." விலாசம் காலியானால் மிஞ்சுவது வெறும் சாய்கோடு. லினக்சில் வெறும் சாய்கோடு என்றால் கம்ப்யூட்டர் முழுவதற்கும் தலைவாசல்! அதற்குள்ளே அவருக்குச் சொந்தமான கோப்புகள் ஒன்றும் தப்பவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வரிக்கு மேலே, அதை எழுதியவரே "பயங்கரம்!" என்ற பொருளில் ஒரு சொல்லைக் குறித்து வைத்திருந்தார். பயந்த மனிதர், விலாசம் காலியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

தகப்பன் சொத்து

பெயர் காலியாக இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றைக் கிளப்பிவிடும். முன்னது தகப்பன், பின்னது மகன். "எக்ஸ்போர்ட்" என்று தகப்பன் எழுதிக் கொடுத்தவை மகனுக்குப் போய்ச் சேரும். மகன் சம்பாதித்ததோ தகப்பன் கைக்கு வராது! மகன் நிரப்பிய டப்பா தகப்பன் வீட்டில் காலியாகவே இருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

காவல் உண்டா?

உண்டு. "செட்" என்ற கட்டளையோடு ஒரு சிறு கோடும் "யூ" என்ற எழுத்தும் சேர்த்து மேலே எழுதிவிட்டால், இல்லாத டப்பாவைத் தேடும்போது பாஷ் நின்றுவிடும். ஆனால் ஸ்டீமை இது காப்பாற்றியிருக்காது. அங்கே டப்பா இருந்தது. உள்ளேதான் சரக்கு இல்லை. அதற்கு வேறு காவல். பெயரைச் சுற்றி நெளிவு அடைப்புக் குறி போட்டு, பெயரின் முடிவில் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் எழுத வேண்டும். டப்பா இல்லாவிட்டாலும் சரி, காலியாக இருந்தாலும் சரி, பாஷ் அந்த இடத்திலேயே சத்தம் போட்டு நிற்கும். அழிக்கும் கட்டளை ஓடாது.